ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு இடையேயான குறுவட்டப் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் மைதானத்தின் நிலை, குடிநீர் வசதி, பிள்ளைகளின் மதிய உணவு, நடுவர்களுக்கான படித்தொகை ஆகியவை குறித்து உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் கடிதங்கள் வருவதுண்டு. அவை எல்லாமே நியாயமான குறைகள்தாம். ஆனால், உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போதும் சிறுவர் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகச் சென்றுவரும் எனக்கு இவை அனைத்தையும்விடப் பெரிதாகத் தோன்றும் ஒரு குறையைப் பற்றி யாரும் எழுதக் காணோம். பன்னிரண்டு, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆடும்போது எல்லைக் கோட்டை ஒட்டி நின்று பெற்றோர் நடந்துகொள்ளும் முறைதான் அது. இதைச் சீர்செய்யப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. ஆடுகளத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கயிற்றைக் கட்டுவதும், அந்தக் கயிற்றை எல்லோரும் மதிக்கும்படி பார்த்துக்கொள்வதும் போதும் என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

பெற்றோரின் நடத்தை என்றவுடன் நடுவரைத் திட்டுபவர்களும், எதிரணிப் பயிற்சியாளரோடு சட்டையைப் பிடித்துச் சண்டைக்குப் போகிறவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். அப்படிப்பட்டவர்கள் உண்டு, ஆனால் அவர்கள் சிலரே. என் கவலை பெரும்பாலும் அவர்களைப் பற்றியதன்று. தன் பிள்ளையின்மீது உயிரையே வைத்திருக்கும், விடியற்காலையில் எழுந்து அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, பையில் தண்ணீரும் வாழைப்பழமும் எடுத்துவைத்திருக்கும், யாரிடமும் ஒரு கெட்ட வார்த்தை பேசாத தந்தையோ தாயோ ஆட்டம் தொடங்கிய நொடியிலிருந்து முடியும்வரை வாயை மூடாமல் பிள்ளைக்கு வழிகாட்டிக்கொண்டே இருக்கிறார்களே, அதுதான் மைதானத்தில் அதிகமாக நடக்கும் கேடு. அது அன்பிலிருந்து வருவதால் யாரும் அதைக் கேடு என்று எண்ணுவதில்லை. எடுத்துச் சொன்னால் சொல்பவர்மீதே வருத்தப்படுகிறார்கள்.

பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரனாக நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பந்து அவன் காலுக்கு வருகிறது. அவன் முன்னால் இரண்டு வழிகள்தாம் இருக்கின்றன: நடுவில் ஓடிவரும் தன் அணிக்காரனுக்குத் தட்டிவிடலாம், அல்லது ஓரமாகவே தானே எடுத்துக்கொண்டு போகலாம். அந்த நேரத்தில் பயிற்சியாளர் “நில்லு, நிதானமா” என்கிறார். தந்தை “ஏறிப் போடா, ஏறு ஏறு” என்கிறார். பக்கத்தில் நிற்கும் இன்னொரு சிறுவனின் மாமா “அடிச்சு வெளியே தள்ளு” என்று அவர் பங்குக்குக் கத்துகிறார். சிறுவன் என்ன செய்கிறான் என்பதை நடுவராக நிற்கும் நாங்கள் மிக அருகிலிருந்து பார்க்கிறோம். அவன் பந்தையும் பார்ப்பதில்லை, எதிரே வருபவனையும் பார்ப்பதில்லை. தலையைத் திருப்பி எல்லைக் கோட்டில் நிற்கும் தந்தையின் முகத்தைப் பார்க்கிறான். அந்த அரை நொடியில் எதிரணிப் பையன் பந்தைப் பறித்துக்கொண்டு போய்விடுகிறான். உடனே ஓரத்திலிருந்து “எங்கேடா பார்க்கிற?” என்று குரல் வருகிறது.

கால்பந்தில் அந்த வயதில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் உதைப்பதோ ஓடுவதோ அன்று. எப்போது எதைச் செய்வது என்று தானே முடிவெடுப்பதுதான். தவறான முடிவை எடுத்து, பந்தை இழந்து, அடுத்த முறை வேறு விதமாகச் செய்து பார்ப்பதன் வழியாகத்தான் அந்தப் பாடம் பதியும். வெளியிலிருந்து ஒவ்வொரு நொடியும் முடிவு வந்துகொண்டே இருந்தால், பிள்ளை கட்டளையை நிறைவேற்றக் கற்றுக்கொள்கிறதே தவிர ஆடக் கற்றுக்கொள்வதில்லை. இத்தகைய பிள்ளைகளைப் பதினைந்து வயதில் பெரிய மைதானத்தில் பார்த்தால் அடையாளம் கண்டுவிடலாம். கூட்டத்தின் இரைச்சலில் தந்தையின் குரல் எட்டாத அந்த இடத்தில், கால்களில் திறமை இருந்தும் பந்து வந்தவுடன் திகைத்து நின்றுவிடுகிறார்கள். சிலர் அதற்கும் முன்பே ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். கேட்டால் “படிப்பு இருக்குது சார்” என்று பதில் வரும்.

பாதிக்கப்படுவது பிள்ளை மட்டுமன்று. சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக வருபவர்கள் யார் என்று பெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பாலும் கல்லூரியில் உடற்கல்வி படிக்கும், அல்லது அண்மையில்தான் நடுவர் தேர்வு எழுதி முடித்த இருபது வயது இளைஞர்கள். அவர்களுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாயும் ஒரு வேளைச் சாப்பாடும். வெயிலில் ஒரே நாளில் நான்கைந்து ஆட்டங்களுக்கு ஓடி, கோட்டைத் தாண்டிய பந்தை உள்ளே எறியும் ஒரு த்ரோவை அணி மாற்றிக் கொடுத்துவிட்டதற்காக, தன் தந்தை வயதுள்ள ஒருவரிடமிருந்து “காசு வாங்கிட்டியா?” என்ற கேள்வியைக் கேட்க நேரும் பையன் அடுத்த ஆண்டு விசிலைத் தொடுவதில்லை. நடுவர் இல்லாமல் போட்டி இல்லை என்பது போட்டி நடத்துபவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு கேள்வியால் எத்தனை நல்ல நடுவர்களை நாம் இழந்திருக்கிறோம் என்பதைத்தான் யாரும் எண்ணுவதில்லை.

விதிகளிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆட்டக்காரர் தவறு செய்தால் நடுவரின் பையில் மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் உண்டு. 2019 முதல் பயிற்சியாளர் உள்ளிட்ட அணி அலுவலர்களுக்கும் அதே அட்டைகளைக் காட்டலாம் என்று கால்பந்து விதிகள் திருத்தப்பட்டன. ஆனால் ஓரத்தில் நிற்கும் பெற்றோர் பார்வையாளரே. அவருக்குக் காட்ட அட்டை ஏதுமில்லை. வெளியாரின் குறுக்கீட்டுக்காக ஆட்டத்தை நிறுத்தவோ, சற்று ஒத்திவைக்கவோ, முழுவதுமாகக் கைவிடவோ நடுவருக்கு ஐந்தாம் விதி அதிகாரம் அளிக்கிறது. உள்ளூரில் அந்த அதிகாரத்தை எந்த இளம் நடுவர் துணிந்து பயன்படுத்துவார்? போட்டிக் குழுவே முன்வந்து அவருக்குப் பின்னால் நின்றாலன்றி அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

நம் ஊரில் அப்படியெல்லாம் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லையே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், தன் மகன் ஆடிய ஆட்டத்துக்குத் தன்னார்வலராகக் கோட்டு நடுவர் பணி செய்த ஒருவரை எதிரணிச் சிறுவர்கள் ஆட்டம் முடிந்ததும் அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அந்த வழக்கில் பதின்வயதுச் சிறுவர்களோடு, ஓர் ஆட்டக்காரனின் தந்தையும் தண்டிக்கப்பட்டார். கண்ணியத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர்போன ஒரு நாட்டில் இது நடந்தது. அடுத்த வார இறுதியில் அந்நாட்டில் அமெச்சூர் கால்பந்து ஆட்டங்கள் அனைத்தையும் அந்நாட்டுச் சங்கம் நிறுத்திவைத்தது. நம் மைதானங்களில் அந்த அளவுக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் நடுவரை எப்படி நடத்துகிறார்களோ அதைத்தான் உள்ளே ஆடும் பிள்ளைகள் மைதானத்தின் முறை என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

பெற்றோர் ஏன் இப்படி ஆகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். விளையாட்டு இன்று வெறும் விளையாட்டாக இல்லை. தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் மருத்துவச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவுக்கெனத் தனி இடங்கள் உண்டு. விளையாட்டு விடுதிகளில் சேர்வதற்கான தேர்வுகள் உண்டு. தனியார் பள்ளிகள் கட்டணச் சலுகை தருகின்றன. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலரை இவை கைதூக்கிவிட்டிருக்கின்றன. கூடவே, மாதாமாதம் அகாதமிக்குக் கட்டும் பணம், காலணி, சீருடை, போட்டி நுழைவுக் கட்டணம் என்று கையிலிருந்து கரைவதும் குறைவில்லை. எனவே ஒவ்வோர் ஆட்டமும் ஒரு சான்றிதழாகவும், ஒவ்வொரு சான்றிதழும் ஒரு கல்லூரி இடமாகவும் பெற்றோரின் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் பத்து வயதில் வாங்கும் ஒரு கோப்பைக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த எட்டு ஆண்டுகளும் பிள்ளை ஆட்டத்தில் நீடித்திருந்தால்தான் அந்தச் சான்றிதழைப் பற்றிய பேச்சே எழும்.

இன்னொன்றும் உண்டு. பத்து வயது ஆட்டத்தில் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது திறமையைவிட உயரமும் எடையும்தான். ஒரே வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒன்றாக ஆடுகிறார்கள். அந்த வயதில் பதினொரு மாத வேறுபாடு உடம்பில் நன்றாகவே தெரியும். கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதை 1985-இல் அந்நாட்டு உளவியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதன் பின் கால்பந்து உள்ளிட்ட வேறு பல விளையாட்டுகளிலும் இதே போக்கு காணப்பட்டது. இதை அறியாமல், எதிரணியில் சற்று உயரமான பையனைக் கண்டவுடன் “வயசு ஏமாத்துறாங்க, சர்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்லுங்க” என்று கிளம்பும் பெற்றோரை வாரம்தோறும் பார்க்கிறோம். வயது மோசடி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியக் கிரிக்கெட் வாரியம் பதினாறு வயதுப் பிரிவில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைச் சோதிக்கும் நிலைக்கு அது நம்மைக் கொண்டுவந்திருக்கிறது. அதற்கான புகாரை ஆட்டத்துக்கு முன்போ பின்போ போட்டிக் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பிள்ளைகளின் காதுபட, அந்தப் பையனைச் சுட்டிக்காட்டிக் கூச்சலிடுவது எந்த வகையில் சேர்த்தி?

இதற்கெல்லாம் வழி தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே, இதே பெற்றோர்கள், வேறொரு விளையாட்டில் மிகச் சரியாக நடந்துகொள்கிறார்கள். ஏழு வயது, ஒன்பது வயதுச் சிறுவர்களுக்கான சதுரங்கப் போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுற்று தொடங்குவதற்கு முன் பெற்றோர் உள்ளே வந்து பிள்ளையை இருக்கையில் அமர்த்தி, ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் விடுவார்கள். பிறகு தலைமை நடுவர் ஒலிபெருக்கியில் வெளியேறச் சொல்வார், கதவு சாத்தப்படும். அதன் பின் உள்ளே என்ன நடந்தாலும், பிள்ளை ராணியை இழந்தாலும், எதிரில் இருப்பவன் தொட்ட காயை நகர்த்தாமல் விட்டாலும், கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட வேண்டியது அந்த ஏழு வயதுக் குழந்தைதான். வெளியே பெற்றோர் நகத்தைக் கடித்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதுவரையில் சரி. உள்ளே போகக் கூடாது என்பதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இந்த ஏற்பாட்டில் வளர்ந்த பிள்ளைகள்தாம் இன்று உலகின் முன்னால் நிற்கிறார்கள். 2023-இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையில் பிரக்ஞானந்தாவைச் செய்தியாளர்கள் சூழ்ந்திருக்க, ஓரமாக நின்று மகனைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய தாயின் புகைப்படம் நாடு முழுவதும் பரவியது. வெளிநாடு போகும் இடமெல்லாம் மின் அடுப்பைக் கொண்டுபோய் மகனுக்குச் சமைத்துக் கொடுப்பவர் அவர் என்பதும் பலரும் அறிந்ததே. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியனான பிறகு, ஆட்ட அறைக்கு வெளியே காத்திருந்த தந்தை மகனைக் கட்டிக்கொண்ட காணொளியையும் நாம் எல்லோரும் பார்த்தோம். மகனோடு போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தன் மருத்துவத் தொழிலையே ஒதுக்கிவைத்தவர் அந்தத் தந்தை. பிள்ளைக்காக இவர்கள் கொடுத்தது கொஞ்சநஞ்சமன்று. ஆனால் பலகையில் ஒரு காயைக்கூட இவர்கள் நகர்த்தவில்லை. சதுரங்கத்தில் கதவு இருக்கிறது, கால்பந்துக்கும் கபடிக்கும் கதவு இல்லை என்பதுதான் வேறுபாடு. அந்தக் கதவின் இடத்தில்தான் கயிற்றைக் கட்டச் சொல்கிறேன்.

பிற நாட்டு அனுபவத்தையும் ஒரு துணைக்குக் குறிப்பிடலாம். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-இல் தொடங்கிய ‘மரியாதை’ இயக்கத்தில், சிறுவர் ஆட்டங்களில் பார்வையாளர்கள் ஆடுகளத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், கோட்டிலிருந்து தள்ளிக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தது. பயிற்சியாளர்கள் எதிர்ப்பக்கத்தில் நிற்பார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பயிற்சியாளரின் குரலும் பெற்றோரின் குரலும் ஒரே இடத்திலிருந்து வராததால், யார் சொல்வதைக் கேட்பது என்ற குழப்பம் பிள்ளைக்குக் குறைகிறது. ஜெர்மனியின் ஆகன் பகுதியில், சிறுவர் ஆட்டத்தில் பெரியவர்கள் மோதிக்கொள்வதைப் பொறுக்க முடியாத ஓர் இளையோர் பயிற்சிப் பொறுப்பாளர் தொடங்கிய முறை இன்னும் ஒரு படி மேலே போனது. பெற்றோர் சுமார் 15 மீட்டர் தள்ளி நிற்பார்கள், இரு அணிப் பயிற்சியாளர்களும் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்பார்கள், நடுவரே இருக்கமாட்டார். த்ரோ யாருக்கு என்பதைப் பிள்ளைகளே பேசி முடிவுசெய்வார்கள். அந்த நாட்டின் கால்பந்துச் சங்கமே பிறகு இதை ஏற்றுக்கொண்டது. நம் தெருவில் கல்லை வைத்துக் கோல் கம்பமாக்கி ஆடிய தலைமுறைக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. அங்கே நடுவரும் இல்லை, வேடிக்கை பார்க்க அப்பாவும் வந்ததில்லை, ஆட்டம் நடந்தேறியது.

நார்வேயில் பதினொரு வயது ஆகும் ஆண்டுக்கு முன்புவரை பிள்ளைகளின் போட்டிகளுக்குத் தரவரிசைப் பட்டியலே வெளியிடக் கூடாது என்று அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பின் விதி கூறுகிறது. அது இங்கே உடனே நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கோப்பை இல்லாத போட்டிக்கு நம் ஊரில் நன்கொடையாளர் கிடைக்கமாட்டார். (சிறப்பு விருந்தினர் வரும்வரை இறுதி ஆட்டத்துப் பிள்ளைகளை வெயிலில் நிற்கவைப்பது தனிக் கடிதத்துக்குரிய விஷயம்.)

பெரியவர்களின் பேச்சு பிள்ளையை ஆட்டத்தில் நிறுத்தவும் செய்யும், விரட்டவும் செய்யும் என்பதற்கு ஒரு சான்று மட்டும் தருகிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள், சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினருக்கு, நல்ல முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்தவனை ஊக்கப்படுத்துவது, பழிக்காமல் திருத்துவது ஆகியவற்றில் குறுகிய பயிற்சி அளித்தார்கள். 1992-இல் வெளியான அந்த ஆய்வின்படி, பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த பருவத்துக்குத் திரும்பவில்லை; பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 விழுக்காட்டினர் மட்டுமே. இத்தனைக்கும் வெற்றி தோல்விக் கணக்கில் இரு தரப்பு அணிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சியாளரின் சொல்லுக்கே இந்த அளவு விளைவு என்றால், பெற்றவர்களின் சொல்லைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா?

பெற்றோர் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதன்று என் கோரிக்கை. மைதானத்துக்கு ஓசை வேண்டும். எங்கள் பக்கத்தில் ஊர்க் கபடி நடந்தால் ஒலிபெருக்கி வர்ணனையும், விசிலும், பாடிப் போகும் பையன் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது எழும் ஆரவாரமும் இல்லாமல் ஆட்டம் ருசிக்காது. கை தட்டுங்கள், பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், எதிரணி நல்ல கோல் போட்டால் அதற்கும் தட்டுங்கள். விலக்க வேண்டியவை மூன்றே: ஆட்டத்தின் நடுவே பிள்ளைக்குக் கட்டளை இடுவது, நடுவரிடம் பேசுவது, அடுத்தவர் பிள்ளையைப் பற்றி ஏதேனும் சொல்வது. ‘சூப்பர்’ என்று கத்துவதற்கும் ‘லெஃப்ட்ல போடு’ என்று கத்துவதற்கும் உள்ள தூரம் எந்தப் பெற்றோருக்கும் புரியாதது அன்று.

பெற்றோரை மைதானத்துக்குள்ளேயே விடக் கூடாது என்று வாதிடும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் ஆட்டங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வந்ததும் ‘போதும், இனி வீட்டில் இரு’ என்று நிறுத்தப்படும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஆட்டத்தில் தொடர்பவர்களுள் பலருக்குப் பின்னால், வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மகளோடு பேருந்தில் வந்து, மைதானத்தின் மர நிழலில் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய் இருக்கிறார். அந்தத் தாயை வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்தினால் அடுத்த போட்டிக்கு மகளும் வரமாட்டாள்.

ஆகவே போட்டி நடத்தும் பள்ளிகளும், மாவட்ட விளையாட்டுச் சங்கங்களும், தனியார் அகாதமிகளும் இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். நுழைவுப் படிவத்தில் பிள்ளையின் பிறந்த தேதிக்குக் கையெழுத்து வாங்கும் இடத்திலேயே, பெற்றோர் கயிற்றுக்குப் பின்னால் நிற்பார்கள், ஆட்டத்தின்போது கட்டளை இடமாட்டார்கள், நடுவரிடம் பேசமாட்டார்கள் என்ற இரண்டு வரிகளைத் தமிழில் அச்சிட்டு ஒப்பம் வாங்க வேண்டும். ஆடுகளத்தின் ஒரு நீளப் பக்கத்தில், கோட்டிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளிக் கயிறு கட்ட வேண்டும். கோல் கம்பத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, ஏனெனில் கோல்காப்பாளனாக நிற்கும் சிறுவனுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அறிவுரையைவிடக் கொடுமை வேறில்லை. ஒவ்வோர் அணியும் தன் பெற்றோரில் ஒருவரை, கையில் பட்டை அணிந்த பொறுப்பாளராக நிறுத்த வேண்டும். யாராவது மீறினால் இளம் நடுவர் அவரிடம் நேரே போகத் தேவையில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளரிடம் சொல்வார், பயிற்சியாளர் பட்டை அணிந்தவரிடம் சொல்வார், அவர் அந்தப் பெற்றோரிடம் பேசுவார். ஓர் அப்பா சொன்னால் இன்னோர் அப்பா கேட்பார் என்பது என் அனுபவம். அதற்கும் மசியாதவர் வெளிவாயிலுக்கு அப்பால் போகும்வரை ஆட்டம் தொடரக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெற்றோர் தவறு செய்தால் அணியின் புள்ளியைக் குறைப்பது, பிள்ளையை வெளியே உட்காரவைப்பது போன்ற தண்டனைகளைச் சில இடங்களில் முயன்று பார்த்திருக்கிறார்கள். அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தந்தை கத்தியதற்குப் பிள்ளை தலைகுனிவது போதாதென்று அவனால் அணியும் தோற்றது என்றால், மறுநாள் வகுப்பறையில் அவன் நிலை என்னவாகும்? ஆட்டம் நின்ற நிமிடங்கள் கடைசியில் கூட்டித் தரப்பட வேண்டும். தண்டனை பெரியவரோடு நிற்க வேண்டும்.

கைப்பேசியைப் பற்றியும் ஒரு சொல். தன் பிள்ளை ஆடுவதைப் படம் பிடிப்பதில் தவறில்லை. நடுவர் தவறவிட்ட ஒரு ஃபவுலை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இளைஞனின் முகத்தோடு வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எதிரணிக் குழந்தைகளின் முகமும் அதில் இருக்கிறது. இதையும் அந்தப் படிவத்தில் மூன்றாவது வரியாகச் சேர்க்கலாம்.

ஆட்டம் முடிந்த பிறகு நடப்பது எந்த விதிக்கும் எட்டாது என்பதை அறிவேன். தோற்ற பிள்ளையை வண்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் ஒவ்வொரு பிழையாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போகும் பெற்றோர் பலர். அந்தப் பிழைகள் அத்தனையும் பிள்ளைக்கு முன்பே தெரியும். பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வதெல்லாம், அன்று இரவு வரை ஆட்டத்தைப் பற்றிய பேச்சைப் பிள்ளையே தொடங்கட்டும் என்று விட்டுவிடுங்கள் என்பதுதான். வழியில் டீக்கடையில் நிறுத்தி ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தால் நல்லது. வேறு எதுவும் வேண்டாம்.

நிறைவாக, ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் மாவட்டப் பக்கங்களில் பள்ளிப் போட்டிச் செய்திகளைத் தவறாமல் வெளியிடுவதற்கு உடற்கல்வி ஆசிரியர்கள் அனைவரும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் ‘நாளைய மெஸ்ஸி’ என்று தலைப்பிட்டு ஒரு சிறுவனின் படத்தை மட்டும் பெரிதாகப் போடும்போது, மறுவாரம் அந்தச் செய்தித் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோட்டருகே நிற்கும் பெற்றோர் ஒருவரை நாங்கள் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அந்த வயதுப் பிரிவுக்கு அணியின் படத்தையும் ஆட்ட முடிவையும் மட்டும் வெளியிட்டு, கூடவே எந்தப் போட்டியில் பெற்றோருக்கான கயிறு கட்டப்பட்டிருந்தது, எந்த நடுவர்கள் பணியாற்றினார்கள் என்ற ஒரு வரியையும் உங்கள் செய்தியாளர்கள் சேர்த்தால், அடுத்த மாதம் போட்டி நடத்தவிருக்கும் பள்ளிகள் கயிறு வாங்கிவைக்கத் தொடங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.